கோடைத் துணியும் முகப் பூச்சும்

தலைப்பைக் கண்டதும் நமது நேயர்களில் சிலர் முகஞ்சுளிப்பார்கள் என்பது நாம் அறியாததன்று. வரவு செலவுத் திட்டமும், சட்டசபை விவாதமும், தேர்தல் தர்க்கமும் இடம்பெற வேண்டிய இந்தப் பக்கத்தில், சேலைக் கடைத் தள்ளுபடிக்கும் பவுடர் டப்பாவுக்கும் என்ன வேலை என்று அவர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், தேசத்தின் பொக்கிஷத்திலிருந்து ஒரு கோடி ரூபாய் எவ்வாறு செலவாகிறது என்று மணிக்கணக்கில் வாதாடுகிற நாம், நமது வீட்டுப் பெட்டியிலிருந்து ஆயிரம் ரூபாய் எவ்வாறு வெளியே போகிறதென்று ஒரு நாழிகையேனும் ஆராய்ந்ததுண்டா? அக்கினி நட்சத்திரம் நெருங்குகையில் கடைவீதி எங்கும் மலிவு விற்பனைப் பலகைகள் தொங்குகின்றன. கைப்பேசியைத் திறந்தாலும் அதே கூக்குரல்தான். இவற்றில் உண்மையான மலிவு எது, முகத்துக்கு நாள்தோறும் அவசியமானது எது என்பதை இன்று விசாரிப்போம். இவற்றைத் தீர்மானிப்பவர் வாங்குகிறவரா, விளம்பரம் செய்கிறவரா என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது. இவ்வழக்கில் பத்திரிகைக்காரரும் ஒரு பிரதிவாதியே என்பதை முடிவில் ஒப்புக்கொள்ள நேரும்.

இது ஸ்திரீகளின் விஷயம் என்று ஆண்மக்கள் ஒதுங்கிவிடுவது வழக்கம். அது பொருந்தாது. இதை எழுதுகிற நாமே சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையும் தரித்துக் கோர்ட்டுக்குச் சென்று பழகியவர். குளிர் தேசத்தார் தங்கள் சீதோஷ்ணத்துக்கென வகுத்துக்கொண்ட உடை அது. உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் நீங்கலாக, மற்றக் கோர்ட்டுகளில் கோடைக் காலத்தில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதிகளே இடந்தருகின்றன. எனினும் கோட்டில்லாமல் போனால் கட்சிக்காரர் மதிக்கமாட்டாரோ என்று அஞ்சி, வியர்வையில் நனைந்தபடி நிற்கும் இளம் வக்கீல்களை நாம் கண்டிருக்கிறோம். இஃது அலங்காரமன்றி வேறென்ன?

அரசியல் தொண்டர்களையும் சற்று பார்ப்போம். கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கட்சிக் கரை போட்ட வேட்டி, சட்டையின் வெண்மைக்கு நீலம், தலையின் கருமைக்குச் சாயம்: இவ்வளவும் இல்லாமல் மேடை ஏறுகிறவர் எத்தனை பேர்? தலைச் சாயத்தில் உள்ள ஒருவகை ரசாயனம் சிலருக்கு முகவீக்கமும் அரிப்பும் உண்டாக்குவதைத் தோல் வைத்தியர்கள் அறிவார்கள். கண்மையிட்ட பெண்ணைப் பரிகசிக்கிற வாய், மீசைக்குச் சாயமிட்ட தலைவரை வாழ்த்துகிறது. ஆகவே, நியாயாசனத்தில் ஏறி அமர்ந்துகொண்டு பெண்மக்களின் பெட்டியை மட்டும் சோதனையிட நமக்கு உரிமை இல்லை. இருபாலார் பெட்டியையும் சேர்த்தே திறப்போம்.

முதலில் துணி. கோடையில் உடம்பு தன் வெப்பத்தை வியர்வையின் மூலம் தணித்துக்கொள்கிறது. வியர்வை ஆவியாகிப் பறந்தால்தான் குளிர்ச்சி. அதற்கு இடங்கொடுக்கும் துணியே கோடைத் துணி. சாதாரண ஈரமுள்ள காற்றில், நூறு பங்கு எடையுள்ள உலர்ந்த பருத்தி சுமார் 8 பங்கு ஈரத்தை ஏற்றுக்கொள்கிறது. பாலியெஸ்டர் இழையோ அரைப் பங்குகூட ஏற்பதில்லை. விளையாட்டு வீரர்களுக்கென்று தனி முறையில் தயாரிக்கும் சில செயற்கைத் துணிகள் வியர்வையை வெளியே கடத்தும் என்பது மெய்யே. ஆனால் நடைபாதைக் குவியலிலும் மலிவு விற்பனை மேஜையிலும் பளபளவென்று கிடப்பவை அவையல்ல. பருத்தியிலும், நெருக்கமாக நெய்த தடித்த துணியைவிட இடைவெளி விட்டு நெய்த மெல்லிய துணியே மேலானது. உடம்பை இறுக்கிப் பிடிக்கும் தையலைவிடக் காற்றோட்டமுள்ள தளர்ந்த தையலே உத்தமம். வெயிலில் அலைய வேண்டியவருக்கு வெளிர் நிறம் நல்லது.

பருத்தி என்று சொல்லி விற்பதெல்லாம் பருத்தியாகிவிடாது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணிகள் ஏராளமாய் வருகின்றன. கழுத்துப் பட்டைக்கருகில் தைத்திருக்கும் சிறு சீட்டைப் படித்தால் கலப்பின் விகிதம் தெரியும். சீட்டு இல்லையென்றால், ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி வீட்டில் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி இழை காகிதம் எரிவதுபோல் மணந்து மிருதுவான சாம்பலாகும்; பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாய்த் திரளும். இந்தப் பரீட்சைக்கு ஒரு தீக்குச்சி செலவு. ஏமாற்றமோ கோடை முழுவதும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கோடைத் துணிக்கு நமது நாடு வேறெங்கும் கையேந்த வேண்டியதில்லை. மதுரைச் சுங்குடி, காரைக்குடிக் கண்டாங்கி, நெகமம் பருத்திச் சேலை என்று ஊர்ப்பெயராலேயே புகழ்பெற்றவை பல. இம்மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. 1935-இல் ஸ்தாபிதமாகிய கோ-ஆப்டெக்ஸ் கூட்டுறவுக் கடைகளில் கைத்தறிச் சேலையும் வேட்டியும் துண்டும் பண்டிகைக் காலங்களில் 30 சதவிகிதம் வரை தள்ளுபடியில் கிடைக்கின்றன. இத்தள்ளுபடி, போலி விலையை ஏற்றி எழுதிப் பின் குறைத்துக் காட்டும் தந்திரமன்று. நெசவாளரின் சரக்கு தேங்காதிருக்கச் சர்க்கார் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு. 1921-ஆம் வருஷம் செப்டம்பர் 22-இல் மதுரையில் காந்தியடிகள் முழு உடையை விடுத்து அரை வேட்டியை மேற்கொண்டது, துணி வாங்கப் பணமற்ற ஏழைகளை எண்ணியே. உடை என்பது வெறும் அலங்காரமன்று, அதற்குள் ஒரு பொருளாதாரமும் இருக்கிறது என்பதை அன்றே இந்நாடு கண்டுகொண்டது.

நமது துணியைப் பற்றி வியாபார உலகில் பலரும் எடுத்துச் சொல்லும் கதை ஒன்றுண்டு. 1958-இல் நியூயார்க்கிலிருந்து வந்த ஜேக்கப்சன் என்ற வியாபாரி, சென்னையின் பெயரால் 'மதராஸ்' என்றே வழங்கும் கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தித் துணியைக் காப்டன் கிருஷ்ணன் நாயரிடம் பல்லாயிரம் கஜம் வாங்கினார். தாவரச் சாயம் தோய்ந்த துணி அது. குளிர்ந்த நீரில் பதமாக அலசவேண்டும் என்று சொல்லியனுப்பப்பட்டது. அந்த எச்சரிக்கை, துணியை வாங்கிக் கோடைச் சட்டையாக விற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேரவில்லை. சட்டையை வெளுக்கப் போட்டதும் சாயம் கரைந்து மற்றத் துணிகளிலெல்லாம் ஏறிற்று. வாங்கியவர்கள் சீறினார்கள்; வழக்குப் பேச்சு எழுந்தது. அப்போது விளம்பரக்காரர் ஒருவர் புகுந்து, சாயம் போவதே இத்துணியின் தனிச்சிறப்பு என்றும், ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுச் சட்டை கிடைக்கும் என்றும் எழுதினார். சாயம் கட்டாயம் போகும் என்று உத்தரவாதமே கொடுத்தார்கள். அமெரிக்க வாலிபர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள்.

இக்கதையைக் கேட்டு நாம் சிரிக்கலாம். ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. துணி மாறவில்லை, சாயம் மாறவில்லை. முந்தின தினம் குற்றமாக இருந்தது மறுதினம் குணமாயிற்று. மாற்றியது விளம்பரம் ஒன்றே. குற்றத்தைக் குணமாக்கக்கூடிய சக்தி, குணத்தைக் குற்றமாக்கவும் கூடும் அல்லவா? இதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னே இதன் பயன் தெரியும்.

இனி மலிவைப் பற்றி. தள்ளுபடிக் கணக்கில் நமது ஜனங்கள் ஏமாறுவது பெரும்பாலும் கூட்டல் கழித்தலில்தான். "50 சதவிகிதம், அதன்மேல் 20 சதவிகிதம்" என்று பலகையில் கண்டால் 70 சதவிகிதம் குறைந்ததாக மனம் துள்ளுகிறது. ஆயிரம் ரூபாய்ச் சேலை முதலில் 500 ஆகும். அந்த 500-இல் 20 சதவிகிதம் 100. ஆக விலை 400. குறைந்தது 60 சதவிகிதமேயன்றி 70 அன்று. "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது மூன்றில் ஒரு பங்கு குறைப்பே; அதுவும் மூன்று வேண்டியவருக்குத்தான் லாபம், ஒன்று வேண்டியவருக்கு நஷ்டம். அச்சிட்ட உச்ச விலை என்பது அதற்குமேல் விற்கலாகாது என்ற வரம்பேயன்றி, பொருளின் உண்மை மதிப்பைக் காட்டும் சாட்சியம் அன்று. வரம்பை உயர்த்தி எழுதிவிட்டால் தள்ளுபடியும் தானே உயர்ந்து தோன்றும்.

கைப்பேசிக் கடைகளின் வித்தை இதனினும் நுட்பமானது. "இன்னும் ஐந்து நிமிஷத்தில் விற்பனை முடியும்", "இரண்டே உருப்படி மிச்சம்" என்று அவசரப்படுத்துகிறார்கள். கேளாத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுகிறார்கள். இத்தகைய 13 தந்திரங்களை வரிசைப்படுத்தி, அவை கூடா என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. பொய்யான அவசரம் காட்டுவதும், கூடையில் பொருளை நுழைப்பதும் அவற்றுள் அடங்கும். சட்டம் இருக்கிறது, அதை எடுத்துக் கையாள்பவர்கள்தான் குறைவு. ஊருக்கெல்லாம் மனு எழுதிக்கொடுக்கும் நமது தொண்டர்கள், இவ்விஷயத்திலும் ஒரு மனு எழுதப் பழகிக்கொண்டால் நன்று.

காலமறிந்து வாங்குவதே உண்மையான சிக்கனம். ஆடி மாதத்தில் விவாகங்கள் நடப்பதில்லை. தீபாவளிச் சரக்குக்கு இடமும் வேண்டும். ஆகவே கடைக்காரர் தேங்கிய கோடைச் சரக்கை அப்போது குறைந்த விலைக்குத் தள்ளுகிறார். சித்திரையில் முழு விலை கொடுத்து நான்கு சட்டை வாங்குவதைவிட, சித்திரையில் ஒன்றும் ஆடியில் மூன்றுமாக வாங்கி மறுகோடைக்கு வைத்துக்கொள்பவரே கெட்டிக்காரர். விலையை எடைபோடச் சுலபமான வழி ஒன்று சொல்வோம். விலையை, அத்துணியை எத்தனை தடவை உடுத்துவோம் என்பதால் வகுத்துப் பாருங்கள். 1,200 ரூபாய்க் கைத்தறிச் சட்டை நூறு தடவை உழைத்தால் தடவைக்கு 12 ரூபாய்; 400 ரூபாய்ச் சட்டை பதினாறு சலவையில் நைந்துபோனால் தடவைக்கு 25 ரூபாய். எது மலிவு?

வாங்குகிறவர் கொடாத விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்பதையும் மறத்தலாகாது. நொய்யலாற்றின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து தேங்கிற்று. அந்நீர் விளைநிலத்தைப் பாழாக்கிற்று. கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவ்வுத்தரவால் வேலை இழந்தவர்களும் ஏழைகளே. அதற்குமுன் நிலம் இழந்தவர்களும் ஏழைகளே. 2013 ஏப்ரல் 24-இல் வங்காள தேசத்தில் டாக்காவுக்கருகில் ராணா பிளாசா என்ற கட்டிடம் இடிந்து, 1,100-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். முந்தின தினமே சுவரில் விரிசல் கண்டிருந்தும், மறுநாள் தையல் தொழிலாளரை உள்ளே வேலைக்கு அழைத்தார்கள். மேனாட்டுக் கடைகளுக்கு மலிவுச் சட்டைகள் காலத்தில் போய்ச் சேர வேண்டியிருந்தது. பையில் 300 ரூபாயோடு கடைக்கு வரும் தாயை இதற்காக நாம் குற்றஞ்சாட்டவில்லை. அவள் அதிக விலை கொடுக்க இயலாதவள். இயன்றவர்கள் மலிவென்று மயங்கி வருஷத்துக்கு இருபது வாங்கி எறிவதைத்தான் சொல்லுகிறோம்.

நிற்க. அலங்காரப் பெட்டிக்கு வருவோம். பொட்டும் மையும் நாகரிக மோகத்தால் நேற்று வந்தவையல்ல. மஞ்சள் தூளோடு சுண்ணாம்பு சேரச் சிவப்பாகும் குங்குமத்தின் ரசாயனம் நமது பாட்டிமார்களுக்குத் தெரிந்ததே. 2017-இல் வந்த சரக்கு சேவை வரிச் சட்டங்கூடக் குங்குமத்துக்கும் பொட்டுக்கும் டப்பாவில் அடைத்த கண்மைக்கும் விலக்கு அளித்தது. பென்சில் வடிவில் வரும் மைக்கு மட்டும் அவ்விலக்கு இல்லை. கைத்தொழிற் பெருமை தேடும் நேயர்களுக்கு ஒன்று சொல்வோம். அந்நியச் செலாவணி அலங்காரப் பொருள்களுக்காக வெளியே போவதைத் தடுக்க, 1952-இல் டாட்டா குழுவினர் லாக்மே கம்பெனியைத் தொடங்கினார்கள். பிரெஞ்சு இசை நாடகம் ஒன்றின் கதாநாயகி பெயர் அது. லக்ஷ்மி என்ற நமது பெயரே அங்கே போய் அவ்வாறு திரிந்து திரும்பிற்று. 1990-களின் பிற்பகுதியில் அந்தக் கம்பெனி ஹிந்துஸ்தான் லீவர் வசமாயிற்று.

நாள்தோறும் வேண்டியவை எவை? மிருதுவான சோப்பு, தேங்காயெண்ணெய், பொட்டு, கண்மை, கொஞ்சம் பவுடர், வெயிலில் செல்வோருக்கு வெயில் காப்புக் களிம்பு. உதட்டுச் சாயம் அவரவர் விருப்பம்; அதைப் பழிக்க நாம் யார்? ஆனால் ஒவ்வொன்றிலும் கவனம் வேண்டும். ஒட்டுப்பொட்டின் பசையிலுள்ள சில ரசாயனம் தோலின் நிறமியை அழித்து நெற்றியில் வெண்புள்ளி உண்டாக்குவதுண்டு; அரிப்புக் கண்டவுடன் நிறுத்திவிட வேண்டும். கல்லை அரைத்துச் செய்யும் சுர்மாக்கள் சிலவற்றில் ஈயம் இருக்கிறது. குழந்தைகள் கண்ணில் அவற்றை இடவே கூடாது. பவுடரில் சேரும் டால்க் என்னும் மாக்கல் தூளை, புற்றுநோய்க்குக் காரணமாயிருக்கப் பெரும்பாலும் இடமுண்டு என்ற வகுப்பில் 2024-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் சேர்த்திருக்கிறது. ஆகையால் அதை மூக்கில் ஏறும்படி வாரி இறைப்பது தகாது. வெயில் காப்புக் களிம்பில் எஸ்.பி.எப். 30 என்று குறித்தது, தோலைச் சுடும் கதிர்களில் சுமார் 97 சதவிகிதத்தைத் தடுக்கிறது. 50 என்று குறித்தது 98 சதவிகிதத்தை. ஒரு சதவிகிதத்துக்காக இரட்டை விலை கேட்டால் கொடுப்பதும் கொடாததும் நமது இஷ்டம். அளவாகப் பூசி, வெயிலில் நின்றால் இரண்டு மணிக்கொரு தரம் திரும்பப் பூசுவதே முக்கியம். குடையும் முந்தானையும் காசில்லாத காப்பு.

டப்பாவை வாங்குமுன் புரட்டிப் பார்ப்பதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். 2020-ஆம் வருஷத்து அழகு சாதன விதிகளின்படி, செய்தவர் பெயரும் விலாசமும், உரிம எண்ணும், தொகுதி எண்ணும், எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும் என்பதும், சேர்ந்துள்ள பொருள்களின் பட்டியலும் அதில் இருக்க வேண்டும். அந்நிய தேசத்துச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் விலாசமும் பதிவு எண்ணும் வேண்டும். இவை இல்லாத டப்பா, தகப்பன் பெயர் சொல்லாத சாட்சியைப் போன்றது. அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடலாகாது.

எல்லாவற்றினும் பெரிய கேடு, நிறத்தை வெளுக்கச் செய்வதாகச் சொல்லும் களிம்புகள். பாதரசம் தோலின் நிறமி உற்பத்தியைத் தடுக்கிறது. அதனால் சில வாரங்களில் முகம் வெளுத்ததுபோல் காணும். அதே பாதரசம் தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. 2023-இல் கேரளத்தின் மலப்புறம் ஜில்லாவில், சிறுநீரில் புரதம் மிகுதியாய் வெளியேறும் வியாதியுற்றவர்களைக் கோட்டக்கல் வைத்தியர்கள் ஆராய்ந்தபோது, அவர்களில் பலர் விலாசமற்ற வெளுப்புக் களிம்புகளைப் பூசியவர்கள் என்று கண்டார்கள். அவ்வருஷமே மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் கூடி, பாதரசம் சேர்ந்த அழகு சாதனங்கள் யாவையும் 2025-க்குள் ஒழிக்கத் தீர்மானித்தன. வேறு சில களிம்புகளில் ஸ்டீராய்டு மருந்தைக் கலக்கிறார்கள். தோலில் பூசும் 14 வகை ஸ்டீராய்டுகளை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கலாகாதென்று இந்திய சர்க்கார் 2018-இல் உத்தரவிட்டது. ஆனாலும் சந்தைகளில் அவை வேறு பெயரில் உலவுகின்றன.

சென்ற கோடையில் நமது தமக்கையார் குமாரி விடுமுறைக்கு நம் வீட்டுக்கு வந்திருந்தாள். கலாசாலையில் படிக்கிற பத்தொன்பது வயதுப் பெண். அவள் முகம் ஒருநாள் சிவந்து தடித்திருந்தது. வெயிலில் ஐந்து நிமிஷம் நிற்கவும் எரிந்தது. வற்புறுத்திக் கேட்டபின் ஒரு சிறு டப்பாவைக் கொண்டுவந்து காட்டினாள். மூன்று மாதமாகப் பூசுகிறாளாம். சந்தையில் மலிவென்று 150 ரூபாய்க்கு வாங்கியது. அதில் பூப்படம் ஒன்று இருந்ததேயன்றிச் செய்தவர் பெயரில்லை, ஊரில்லை, தேதியில்லை. வைத்தியர் பார்த்து, இதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, தோல் மெலிந்துவிட்டது, தேறப் பல மாதம் ஆகும் என்றார்.

வக்கீல் புத்தி போகாதல்லவா? சட்டத்தையும் விதியையும் எடுத்துச் சொல்லி, படித்த பெண் இப்படிச் செய்யலாமா என்று கடிந்துகொண்டோம். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "மாமா, பெண் சிவப்பாக இருக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் வாரந்தோறும் வருகிறதே. அதைப் படித்துவிட்டுத்தானே அம்மா என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்படுகிறாள்?" என்றாள்.

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. அன்றிரவு ஆபீசுக்குச் சென்று பழைய இதழ்களைப் புரட்டினோம். ஞாயிறுதோறும் வரும் மணமகள் தேவைப் பத்தியில் "நல்ல நிறமுள்ள", "சிவந்த மேனியுடைய" என்ற சொற்கள் இல்லாத வாரம் ஒன்றில்லை. எதிர்ப் பக்கத்தில் ஏழே வாரத்தில் வெளுப்பு என்று வாக்களிக்கும் களிம்பு விளம்பரம். உரிமம் பெற்ற கம்பெனியின் சரக்கே அது. பெண் வாங்கிய டப்பா அதுவன்று. ஆயினும் அந்த டப்பாவைத் தேடிப் போக வைத்த ஆசை எங்கே அச்சாயிற்று? நமது யந்திரத்தில், நமது மையில்தான் அச்சாயிற்று. ஜாதி பேதம் கூடாதென்று இந்தப் பக்கத்தில் எழுதிவிட்டு, நிறபேதத்தை வரிக்கு இத்தனை ரூபாய் என்று அடுத்த பக்கத்தில் விற்றிருக்கிறோம்.

முன்னே சொன்ன மதராஸ் துணிக் கதையை நேயர்கள் நினைவுகூர்வார்களாக. அங்கே விளம்பரம் ஒரு துணியின் குற்றத்தைக் குணமாக்கிற்று. இங்கே கோடிக்கணக்கான பெண்மக்களின் இயற்கை நிறத்தை, வெயில் மிகுந்த நாட்டில் தோலைக் காக்கும் கவசமாகிய அந்த நிறத்தை, விளம்பரம் ஒரு குற்றமாக்கிவிட்டது. ஆண்களையும் அது விட்டுவைக்கவில்லை. அவர்களுக்கென்று தனி வெளுப்புக் களிம்பு 2005-இல் கடைக்கு வந்தது. 1975 முதல் விற்ற பிரசித்தமான களிம்பு ஒன்று 2020-இல் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. பெயரை மாற்றியவர்களைப் பரிகசிப்பது எளிது. பெயரைக்கூட மாற்றாதிருந்த நம்மை என்னவென்பது?

ஆகவே ஒரு தீர்மானம் செய்திருக்கிறோம். வரும் சித்திரை முதல் தேதியிலிருந்து, நிறத்தை வெளுக்கச் செய்வதாக வாக்களிக்கும் எந்தப் பொருளின் விளம்பரமும் நமது பத்திரிகையில் வெளிவராது. மணமக்கள் பத்தியில் நிறத்தைக் குறிக்கும் சொற்கள் அச்சேறமாட்டா. பணம் கட்டி அனுப்பினாலும் அச்சொற்களை நீக்கியே பிரசுரிப்போம், சம்மதமில்லாதவருக்குப் பணத்தைத் திருப்பிவிடுவோம். தள்ளுபடி விளம்பரங்களில் பழைய விலையும் புது விலையும் ரூபாயில் குறித்திருக்க வேண்டும். இதனால் வருமானம் குறையும். எவ்வளவு குறையும் என்று நமது மானேஜர் கணக்குப் போட்டுக் காட்டியபோது சற்று மலைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. அந்நஷ்டத்தை ஈடுசெய்ய நேயர்களிடம் சந்தா உயர்த்திக் கேட்கும் உத்தேசமில்லை. செலவைக் குறைத்துச் சமாளிக்கப் பார்ப்போம்.

நேயர்களிடம் கேட்பது வேறு. உங்களில் பலர் ஊர்ப் பெரியவர்கள். பெண் பார்க்கப் போகும்போது முன்வரிசையில் அமர்பவர்கள். அங்கே யாரேனும் "நிறம் கொஞ்சம் மட்டு" என்று ஆரம்பித்தால், மேடையில் ஒலிக்கும் உங்கள் குரல் அந்தக் கூடத்திலும் ஒலிக்கட்டும். உங்கள் மகனுக்காக எழுதும் கடிதத்தில் அந்த ஒரு சொல்லை அடித்துவிடுங்கள். அதற்குக் காசு செலவில்லை. இக்கோடையில் கிடைக்கக்கூடிய மலிவுகளில் அதைவிடப் பெரியது வேறொன்றை நாம் அறியோம்.

தமக்கையார் குமாரி இப்போது தேறிவிட்டாள். இந்த வருஷம் கோடைக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஒரு சுங்குடிச் சேலையும் ஒரு குடையும் போதும் என்று எழுதியிருக்கிறாள். இரண்டையும் வாங்கி அனுப்பியிருக்கிறோம். முழு விலை கொடுத்தே வாங்கினோம்.